நெஞ்சில் ஒட்டிய கண்ணாடித் தோல்

1

பள்ளிக்கூட விறாந்தையில் நான் மயங்கி விழுந்தது ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை. நோர்வேயின் மேற்குக் கரையில், வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்யும் ஒரு நகரத்தில், இருபத்தாறு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறேன். கண் விழித்தபோது பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு சிறுமி தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி என் தலைக்குக் கீழே வைத்திருந்தாள். "நிலம் ஈரம், ஓடாதேங்கோ" என்று அவர்களை ஆயிரம் தடவை ஏசியவன் நான். அதே ஈரத்தில் நானே நீட்டி நிமிர்ந்து கிடந்தேன்.

இதயம் இடைக்கிடை ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது போலிருக்கிறது என்றார் டொக்டர். எப்போது, எதனால் என்று தெரிந்தால்தான் நெஞ்சுக்குள் கருவி வைப்பதா, குளிசையோடு விடுவதா என்று முடிவெடுக்கலாமாம். அதற்காக ஒரு பொருளை என் இடது நெஞ்சில் மூன்று கிழமைக்கு ஒட்டிவிட்டார்கள்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் மெசின் என்றதும் வயரும் பெட்டியுமாக நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாதி கொண்டுவந்தது உள்ளங்கையளவு மெல்லிய தாள் ஒன்று. கண்ணாடி போல ஊடாகத் தெரிந்தது. ஆனால் இழுத்தால் இழுபட்டது, விட்டால் சுருங்கியது. ஓரத்தில் பருப்பளவு ஒரு பொட்டு. அதை நெஞ்சில் வைத்து விரலால் நீவிவிட்டாள். ஒரு நிமிடத்தில் அது இருந்த இடமே தெரியவில்லை. மூச்சை இழுத்தால் தோலோடு சேர்ந்து விரிந்தது, விட்டால் தோலோடு சேர்ந்து சுருங்கியது. வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தால் மட்டும் சிலந்தி வலை போல இழைகள் மினுங்கின. இன்னும் பரிசோதனையில் இருக்கும் பொருள் என்று சொல்லிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

விதிகளையும் தாதி வாசித்தாள். எண்ணெய் பூசக் கூடாது. கிறீம் பூசக் கூடாது. பவுடர் போடக் கூடாது. துவாயால் உரஞ்சக் கூடாது. நெஞ்சு படபடத்தால் அந்தப் பொட்டை இரண்டு தரம் தட்டிவிட்டு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கந்தோர்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தலையாட்டுவதில் எங்கள் ஆட்களை யாரும் வெல்ல முடியாது.

என் நெஞ்சு போடும் கோடு என்னுடைய போனுக்கு வரும். அங்கிருந்து மகள் மீராவின் போனுக்குப் போகும். ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கடைசியில்தான் பார்க்கும், மகள் உடனுக்குடன் பார்ப்பாள். இது அவள் செய்த ஏற்பாடு. மீராவுக்கு இருபத்தொன்பது வயது, ஒஸ்லோவில் வேலை. தாய் இறந்து ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களா? மழையா? குளிசை போட்டீங்களா?" மூன்று கேள்வி, மூன்று பதில், அதோடு சரி. தமிழ் முழுக்க விளங்கும், ஆனால் பாதிதான் வாயில் வரும். மிச்சப் பாதியை நோர்வே மொழியில் சொல்ல அவளுக்குக் கூச்சம்; அந்த மொழியில் எனக்கும் தடுமாற்றம். அப்படியே பேச்சுக் குறைந்துபோனது.

இந்தத் தாளை ஒட்டியதிலிருந்து நாளுக்கு மூன்று தரம் எடுத்தாள். "அப்பா, நாலு மணிக்கு என்ன செய்தனீங்கள்?" "படி ஏறினனான்." "ஒம்பது மணிக்கு?" "ஒண்டுமில்லை." நெஞ்சைத் திறந்து காட்ட முடிந்தால் காட்டுவேன் என்று நாங்கள் வாய்க்கு வாய் சொல்வோம். எனக்கு அது நடந்தேவிட்டது. மறைத்து வைப்பதற்கு இவ்வளவு இருந்ததா என்று அப்போதுதான் தெரிந்தது.

2

எனக்கு ஒரு தம்பி. சிவநேசன், வீட்டில் நேசன். மீராவுக்கு நான் இந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

எங்கள் ஊர் வேலணைத் தீவில் சரவணை. அக்கா மகேஸ்வரி மூத்தவள், நான் நடு, நேசன் கடைசி. சண்டைக் காலத்தில், அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒரு காலை சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்குப் போனான். அல்லைப்பிட்டிச் சந்தியில் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதற்கு அப்பால் கண்டவர்கள் இல்லை. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்பதற்கு நாலு கதை கேட்டோம். நாலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அக்கா அவனைத் தேடிப் படை முகாம் வாசல்களில் நின்றாள். நான் வெளிநாட்டுக்கு வந்தேன்.

நோர்வேக்கு வந்து நான் நிரப்பிய முதல் படிவத்தில் உடன்பிறந்தவர்களுக்கு ஒரு பகுதி இருந்தது. பெயருக்கு எதிரே இரண்டு பெட்டி: உயிருடன், இறந்தவர். அக்காவுக்குப் புள்ளடி போட்டேன். நேசனுக்கு ஒன்றும் போடவில்லை. "ஏதாவது ஒன்றில் போட வேண்டும்" என்றார் அதிகாரி. தெரியாது என்றேன். தெரியாது என்பதற்குப் பெட்டி இல்லை என்றார். அவரில் பிழையில்லை, படிவத்தை அவர் அச்சடிக்கவில்லை. அடுத்த படிவத்தில் நேசனை நான் எழுதவில்லை. அதற்கடுத்ததிலும் எழுதவில்லை. மீரா நாலாம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்தபோது, "அப்பாக்கு எத்தினை சகோதரம்?" என்று கேட்டாள். "ஒரு அக்கா" என்றேன். அவள் ஒரு கிளை வரைந்து, இலைக்குப் பச்சை பூசினாள்.

அங்கே ஊரில் அக்காவுக்கும் ஒரு படிவம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் சொல்ல, கந்தோருக்குப் போயிருக்கிறாள். 'இறந்தவரின் முழுப்பெயர்' என்ற வரியைக் கண்டதும் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டாள். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை அவளிடம் எடுப்பதில்லை. இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்ததிலிருந்து சரவணை வீட்டில் தனியாக இருக்கிறாள். கேற்றுக்கு எந்த நிறம் அடிப்பதென்றாலும் பழைய நீலம்தான். அவன் வந்தால் வீடு மாறிப்போச்சு என்று நினைக்கக் கூடாதாம்.

விறாந்தை ஈரத்தில் கிடந்தபோது எனக்கு வந்தது ஒரே ஒரு யோசனை. நான் போய்விட்டால் நேசனுக்கு ஒரு கை தண்ணீர் இறைக்க ஆளில்லை. செத்த நாள் தெரியாதவர்களுக்கு மாளய அமாவாசை என்று எங்கள் பக்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு, புரட்டாதியில் வரும். அக்காவுக்குப் போன் எடுத்தேன். 

"நீ செய்யிறதெண்டால் செய். நான் அந்தக் கடற்கரைக்கு வரமாட்டன்."

"அக்கா, எங்களுக்குப் பிறகு ஆர் செய்யிறது?"

"அவன் இருக்கிறான் எண்டு எனக்கும் தெரியாது. இல்லை எண்டும் ஒருத்தனும் வந்து சொல்லேல்லை. சொல்லாத ஒண்டை நான் என்னெண்டு ஒத்துக்கொள்ளுறது?"

3

குளிசையை விடாமல் போட்டு, தனியே நீந்தாமல் இருந்தால் பயணம் போகலாம் என்றார் டொக்டர். மாற்றி ஒட்ட இன்னொரு தாளும் தந்துவிட்டார்கள். மீராவுக்குச் சொன்ன காரணம், "அக்காவைப் பாத்துக் கனகாலம்."

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினேன். பண்ணைப் பாலத்தில் கடல் இரண்டு பக்கமும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அல்லைப்பிட்டிச் சந்தி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது.

"அப்பா, இப்ப என்ன நடந்தது? கோடு ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்டுமில்லை. றோட்டு பள்ளம் பிள்ளை."

அது காப்பெற் போட்ட றோட்டு. தேடினாலும் பள்ளம் கிடையாது. கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்து, 'பஸ் குலுக்கல்' என்று எழுதினேன். இதயத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த கொப்பியிலேயே பொய் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது.

அக்கா கேற்றடியில் நின்றாள். எழுபதைத் தாண்டிவிட்டாள், நாரி கொஞ்சம் வளைந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "மெலிஞ்சு போனாய்" என்றாள். சேட்டைக் கழற்றிச் சறத்தோடு நின்றபோது வெயில் பட்டு நெஞ்சு மினுங்கியது. கிட்ட வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதென்ன, பொலித்தீனே?"

விளக்கினேன். என் நெஞ்சு அடிப்பதை மீரா அங்கே இருந்து பார்க்கிறாள் என்றேன். அக்கா கையை எடுக்கவில்லை.

"இப்பவும் பாக்கிறாளே?"

"ஓம்."

"குடுத்து வைச்சவள்" என்றாள். குசினிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

4

அமாவாசையன்று கடற்கரையில் ஐயர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் கிணற்றடியில் தோய்ந்தேன். நோர்வேயில் ஷவருக்குக் கீழே பவ்வியமாக நிற்கிறவன், கிணற்றைக் கண்டதும் பழைய ஆளாகிவிட்டேன். வாளி வாளியாக ஊற்றித் துவாயை முறுக்கி நெஞ்சையும் முதுகையும் உரஞ்சினேன். பிறகு அறைக்குள் வந்து வேட்டி கட்டி, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நெற்றியிலும் தோளிலும் நெஞ்சிலும் மூன்று குறியாகப் பூசினேன். பிதிர்க்கடனுக்குப் போகிறவன் வெறும் நெஞ்சோடு போவதா? பவுடர் போடக் கூடாது என்று தாதி சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் பவுடர் என்றால் எனக்குத் தகர ரின்னில் வரும் வாசனைப் பவுடர். திருநீறு எந்த ஆஸ்பத்திரி விதிக்குள் வரும் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை.

உரஞ்சியதில் தாளின் ஓரம் கிளம்பியிருக்கிறது. குழைத்த திருநீறு அதற்குள் இறங்கியிருக்கிறது. தாளுக்கும் தோலுக்கும் இருந்த தொடுப்பு விட்டுப்போனது. நான் மேசையில் போனை வைத்துவிட்டு, ஓட்டோவில் ஏறிக் கடற்கரைக்குப் போய்விட்டேன். அக்கா முற்றத்தில் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சருகு கூட்டினாள்.

மிச்சத்தைப் பிறகு மீராவும் அக்காவும் சொல்லித்தான் அறிந்தேன். ஒஸ்லோவில் அப்போது காலை ஆறு மணி கடந்திருக்கும். மீரா தேநீர் ஊற்றிக்கொண்டு போனைப் பார்த்திருக்கிறாள். அப்பாவின் கோடு தாறுமாறாக ஆடியது. பிறகு நேர்கோடாகப் போனது. பிறகு ஒன்றுமே இல்லை. என்னுடைய போனுக்கு அடித்தாள். மேசையில் கிடந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா என்னுடைய போனைத் தொடுவதில்லை. அது ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் என்று பயம். மீரா பதினேழு தரம் அடித்திருக்கிறாள். கடைசியில் அக்கா அதில் தெரிந்த மீராவின் படத்தைக் கண்டு, எங்கெங்கோ அமத்தி, காதில் வைத்தாள்.

"மாமி, அப்பா இருக்கிறாரா?"

அக்காவுக்கு விளங்கவில்லை. "ஆர் பிள்ளை, மீராவே?"

"மாமி, அப்பா இருக்கிறாரா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கோ. எதெண்டாலும் பரவாயில்லை. உண்மையை மட்டும் சொல்லுங்கோ."

முகாம் வாசல்களில் அக்கா கேட்ட கேள்வி இது. இதே சொற்களில்தான் கேட்டாளாம். எதெண்டாலும் பரவாயில்லை என்றுகூடச் சொன்னாளாம். அவளுக்கு ஒரு வாசலிலும் பதில் கிடைக்கவில்லை.

"வை பிள்ளை போனை. இல்லை, வைக்காதை. காதிலேயே வைச்சிரு. நான் போய் என்ர கண்ணாலை பாத்துச் சொல்லுறன்" என்றிருக்கிறாள். வீட்டைப் பூட்டவுமில்லை, செருப்புப் போடவுமில்லை. றோட்டில் வந்த ஒரு மீன்காரனின் மோட்டார் சைக்கிளை மறித்து, பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் ஏறி இருந்திருக்கிறாள். அக்கா மோட்டார் சைக்கிளில் ஏறியது அதுதான் முதல் தரம்.

நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். விரலில் தர்ப்பை, உள்ளங்கையில் எள்ளு. ஐயர் மந்திரத்தை நிறுத்தி, "பேரைச் சொல்லுங்கோ" என்றார். எனக்குப் பெயர் வரவில்லை.  படிவங்களில் விட்டு விட்டு வந்த பெயரை, ஒரே மூச்சில் செத்தவனின் பெயராகச் சொல்ல என்னால் ஏலவில்லை. ஐயர் திரும்பவும் கேட்டார். அப்போது கரையில் அக்காவின் குரல்.

"டேய் தம்பி!"

அவள் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். என் நெஞ்சில் கையை வைத்தாள். திருநீற்றுக்கு மேலே, தாளுக்கு மேலே, அழுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"பிள்ளை, கொப்பர் இருக்கிறார். என்ர கைக்குக் கீழை அடிக்குது. நல்லாய் அடிக்குது. நான் பொய் சொல்லேல்லை."

மறுமுனையில் மீரா அழுதது எனக்கும் கேட்டது. இருபத்தொன்பது வயதுப் பெண், நாலு வயதில் அழுத அதே மாதிரி அழுதாள். நான் வாங்கிப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. "இருக்கிறன், இருக்கிறன்" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேனாம்.

அக்கா போகவில்லை. ஈரச் சேலையோடு கரையில் மணலில் குந்தினாள். ஐயர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நேரம் போகிறது என்று அவர் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

"அவள் எவ்வளவு நேரம் அடிச்சவள்?" என்று அக்கா கேட்டாள்.

போனில் விடுபட்ட அழைப்புகளைப் பார்த்தேன். "முக்கால் மணித்தியாலம் இருக்கும்."

"முக்கால் மணித்தியாலத்திலை பிள்ளை செத்துப் பிழைச்சிட்டாள்" என்றாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு ஒரு பதில் குடுத்திட்டம். எனக்கு ஒருத்தரும் தரமாட்டினம், தம்பி. நீயாவது தா. பேரைச் சொல்லி இறை. நான் இதிலை இருந்து கேக்கிறன்."

கந்தையா சிவநேசன் என்று சொன்னேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன், அக்காவுக்குக் கேட்க வேண்டுமே. மூன்று தரம் சொல்லி மூன்று தரம் இறைத்தேன். எள்ளு கொஞ்ச நேரம் மிதந்து, அலையோடு கலைந்து போனது.

5

நான் நோர்வேக்குத் திரும்பி வந்த கிழமை மீரா ஒஸ்லோவிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வரப்போவதாக நின்றாள். மாற்றி ஒட்டிய தாளையும் கழற்றியாகிவிட்டது. கழற்றிய இடம் மட்டும் கொஞ்ச நாள் வெளிறித் தெரிந்தது. கொப்பியோடு ஒரு படிவமும் கொடுக்க வேண்டும். பதிவு விடுபட்ட நேரங்களுக்கு அதில் ஒரு பகுதி இருக்கிறது: விடுபட்ட வேளையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

குசினி மேசையில் மீரா பேனையோடு இருந்தாள். "என்ன எழுத, அப்பா?"

ஒண்டுமில்லை என்பது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"முதலிலை அந்தப் பஸ் குலுக்கலை வெட்டு. அது பொய். அதிலை அல்லைப்பிட்டிச் சந்தி எண்டு எழுது."

"அங்க என்ன?"

சொன்னேன். எனக்கு ஒரு தம்பி என்று தொடங்கினேன். வெளிநாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்க நின்றவன் நான். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் படம் எடுத்துவிட்டு வந்திருந்தேன். அதை வாங்கிவர வேண்டிய நாளில் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பெரிய காய்ச்சல் ஒன்றுமில்லை. வெயிலில் அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கப் பஞ்சி, வெறும் சோம்பல். "நான் போட்டு வாறன் அண்ணை" என்று நேசன் ஸ்ரூடியோவின் ரசீதுத் துண்டை வாங்கிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனான். அவன் போனது என்னுடைய படத்தை எடுத்துவர. இது அக்காவுக்குத் தெரியும்; இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இதையெல்லாம் நான் தமிழில்தான் சொன்னேன். எங்கேயும் நிறுத்தி மொழிபெயர்க்கவில்லை. மீரா ஒரு சொல்லுக்கும் விளக்கம் கேட்கவில்லை.

 வெளியே வழக்கமான மழை. பிறகு அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சித்தப்பான்ர முழுப் பேர் என்ன?"

சித்தப்பா. அந்தச் சொல்லை அவள் வாழ்க்கையில் முதல் தரம் சொல்லிக் கேட்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். விடுபட்ட நேரத்துக்கு எதிரே, நோர்வே மொழியில், நல்ல தெளிவான கையெழுத்தில் எழுதினாள். எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாள். "காலை பத்து மணி. அப்பா கடலுக்குள்ளை நிண்டவர். தன்ர தம்பி கந்தையா சிவநேசனுக்குத் தண்ணி குடுத்தவர்."

"சரியா அப்பா?"

என் நெஞ்சில் அப்போது எந்தத் தாளும் இல்லை. அவள் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, அந்த வெளிறிய இடத்தில் வைத்தாள்.